வராண்டாவில் பேசிக்கொள்ளலாம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். 22 வருடம் ஆகிவிட்டது. இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், முக்குக்கு ஒரு கல்லூரி. அதனால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆக்ஸ்ஃபோர்டில் கடைசி பீரியட் எப்படிப் போகுமோ தெரியாது. இங்கே பங்குனி வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், 62 பேருக்கு காஸ்ட் அக்கவுண்டிங் நடத்துவது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் நடந்தது இது. இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் பின்பெஞ்சில் தினமும் தூங்குவான். தூங்காத நேரத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் எரிந்து விழுவான். ஒருநாள் எழுப்பி, "ராத்திரி எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போனீரு தொரை?" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன். அவன் நோட்டைத் தூக்கி மேஜையில் ஓங்கி அடித்தான். "வெளியே போ. அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாஸ்" என்றேன். போனான். அதன்பிறகு வரவே இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, தங்கை வீட்டு விசேஷத்துக்குக் காய்கறி வாங்க விடியற்காலையில் டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். லாரியிலிருந்து இறங்கிய வெங்காய மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு ஒருவன் திரும்பினான். அவன்தான்.

"சார், நல்லாருக்கியளா?"

"எப்பலேர்ந்துப்பா இங்க?"

"ப்ளஸ் டூ படிக்கும்போதே வாரேன் சார். ரெண்டு மணிக்கு லோடு எறக்க ஆரம்பிச்சா விடிஞ்சிரும்."

நான் கூட்டிவரச் சொன்ன அப்பா, அவன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இறந்துபோயிருந்தார். அதை அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் சொல்ல அவனுக்கு மனசில்லை. என் சாக்கைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொடுத்தான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அவன் அட்மிஷன் விண்ணப்பத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதியிருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வகுப்புக்குள் எதையும் விசாரிப்பதில்லை. வகுப்பு என்பது ஒரு கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் கேட்டால் பையன் நமக்குப் பதில் சொல்ல மாட்டான், கூட்டத்துக்குத்தான் பதில் சொல்வான். நாமும் அப்படித்தான். 61 பேர் பார்க்கிறார்களே என்று நாமும் இறங்கி வரமாட்டோம். அதே இரண்டு பேரை வெளியே வராண்டாவில் நிறுத்தினால் பாதிச் சூடு தானாக இறங்கிவிடும். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அதனால் சத்தம் வரும்போது நான் செய்வது இவ்வளவுதான். பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். "முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் நில்லுப்பா" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் அவன் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

வராண்டாவிலும் நேருக்கு நேர் நிற்பதில்லை. இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி நிற்போம். முகத்துக்கு முகம் நின்றால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். முதல் கேள்வி எப்போதும், "சாப்பிட்டியா?" இது மரியாதைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். முக்கூடல் பக்கமிருந்தும் சேரன்மகாதேவி பக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். பதினொன்றரை மணி எரிச்சலுக்கு இரண்டு இட்லிதான் மருந்து என்று நானே கண்டிருக்கிறேன். அப்புறம், 'ஏன்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். "ஏன் தூங்குறே?" என்றால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். "இந்த வாரம் மூணு நாள் தூங்கிட்டியேப்பா, என்னாச்சு?" என்றால் வாய் திறக்கும். திறக்கவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். "சரி, தோணும்போது வா." பல பேர் நான்கு நாள் கழித்து வந்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, பின்பெஞ்சில் இருப்பவனெல்லாம் துக்கத்தில் இருக்கிறான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வெறும் சேட்டையும் உண்டு, நிறையவே உண்டு. ஒருவன் நான் போர்டுக்குத் திரும்பும்போதெல்லாம் டவுன் பஸ் ஹாரனை அச்சு அசலாக அடிப்பான். அவனுக்கு ஒரு கவலையும் கிடையாது, நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை. இதற்கு வராண்டா கூடத் தேவையில்லை. மறுநாளிலிருந்து கணக்கை போர்டில் எழுதும் வேலையை அவனிடமே கொடுத்தேன். ஹாரன் அடிக்க ஆளில்லாமல் போயிற்று. நக்கல் நம் ஊர் மண்ணில் கிடக்கிறது, பையன்களுக்கும் வரும், நமக்கும் வரும். ஆனால் வாத்தியாரின் நக்கலுக்குப் பையன் பதில் நக்கல் அடிக்க முடியாது. அடித்தால் ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவோம். ஒருவன் கையைக் கட்டிவிட்டு அவனோடு மல்லுக்கு நிற்பது மாதிரி அது. நான் விட்டுவிட்டேன். முழுக்க விட்டேன் என்று சொல்லமுடியாது.

வருகைப் பதிவில் கை வைப்பது, இன்டெர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டுவது இரண்டும் வேண்டாம் என்பேன். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகிறவன் பெரும்பாலும் நம்மை மதிக்காதவன் கிடையாது. எங்கோ எதிலோ மாட்டிக்கொண்டவன். அந்த எண் கீழே இறங்கத் தொடங்கும்போதே கூப்பிட்டுப் பேசினால், செமஸ்டர் கடைசியில் மருத்துவச் சான்றுக்கும், குறைந்த வருகையை மன்னிக்கக் கட்டுகிற கண்டோனேஷன் கட்டணத்துக்கும் அவன் அலைய வேண்டியிருக்காது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற இளம் ஆசிரியர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். வகுப்பில் யாரிடமும் "நீ எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். மதுரையிலோ சென்னையிலோ அது சாதாரண விசாரிப்பு. இங்கே ஊர் பெயரும் தெருப் பெயரும் சொன்னால் சாதி சொன்ன மாதிரி. நீங்கள் அன்பாகத்தான் கேட்டிருப்பீர்கள். பையன் பதில் சொல்லும் முன் பக்கத்துப் பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு ஓடும். மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டில் அது சண்டையாக வெடிக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கை பெரும்பாலும் பள்ளிகளைப் பற்றியது. ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் ப்ளஸ் டூ முடித்து எங்களிடம் வருகிறார்கள். கயிறு கழன்றிருக்கும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மிச்சம் இருக்கும். இப்படி ஒரு சண்டை வந்தால் நான் தனியாக விசாரிப்பதில்லை. நான் யார் என்று பையன்கள் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். நான் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும் ஒரு பக்கத்துக்கு அது "அவங்க ஆளு" பேச்சாகத்தான் கேட்கும். அதனால் இன்னொரு ஆசிரியரைக் கூட்டிக்கொள்வேன். இரண்டு பையன்களையும் தனித்தனியே, வேறு வேறு நேரத்தில். கைகுலுக்க வைத்து ஃபோட்டோ எடுக்கிற சமாதானத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அடுத்த இரண்டு வாரம் அவர்கள் எந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று கவனிப்பது உருப்படியான வேலை. கத்தி, கம்பு என்று காதில் விழுந்தால் வராண்டாப் பேச்செல்லாம் கிடையாது. நேரே முதல்வர் அறைதான்.

வீட்டுக்கு ஃபோன் செய்வதைப் பற்றியும் என் எண்ணம் மாறியிருக்கிறது. ஆலங்குளம் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் பீரியடிலேயே தலை கவிழ்ந்துவிடுவாள். கேட்டால் முறைப்பாள். இந்த முறை அப்பாவைக் கூப்பிடவில்லை. எங்கள் துறையில் ஒரு மேடம் உண்டு, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து போட்டுப் பேசினேன். (மாணவிகளோடு பேசும்போது இரண்டும் எனக்குக் கட்டாயம்.) பீடி சுற்றுகிற அம்மாவுக்குக் கை வீக்கம். வாரக் கணக்குப் பீடி குறைந்தால் கடையில் பேச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிவரை மடியில் தட்டை வைத்து இலை வெட்டி, பீடி சுற்றிவிட்டு, அஞ்சரைக்கு எழுந்து பஸ் ஏறுகிறாள். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள் ஏறிப் பழுத்திருந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, அதுவும் வீட்டுக்குத்தான் போகிறது.

"அப்பாட்ட சொல்லிராதிய சார். படிப்பு வேணாம், கட்டிக்குடுத்துருவோம்னுட்டுதான் இருக்காவ."

கல்லூரியிலிருந்து ஒரு புகார் போனால் சில வீடுகளில் அதுவே கல்யாணப் பேச்சுக்கு முகூர்த்தக்கால் நட்ட மாதிரி. அதனால் இப்போது முதலில் பிள்ளையிடமே கேட்டுக்கொள்கிறேன்: "வீட்டுல யாருட்ட பேசினா ஒனக்கு நல்லது?" ஒருத்திக்குச் சித்தி, ஒருவனுக்குத் தாய்மாமா, இவளுக்கு ஆச்சி. ஆச்சியிடம் மேடம் பேசினார்கள். வேலை நின்றுவிடவில்லை, பரீட்சை மாதத்தில் மட்டும் ஆச்சி தட்டை வாங்கிக்கொண்டாள். அதுவே பெரிது. தூங்கியதற்கு நான் செய்தது, அவளை ஜன்னலோரப் பெஞ்சுக்கு மாற்றியதும், முதல் பீரியட் டெஸ்டை மூன்றாவது பீரியடுக்குத் தள்ளியதும்தான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் இன்னொன்று கற்றுக்கொண்டேன். கல்லூரி திறந்தபோது பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், ஆடு போனது, டி.வி. மிதந்தது என்று கதைகதையாகச் சொன்னார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டோம். அடுத்த மழை வந்தபோதுதான் தெரிந்தது. வானம் இருட்டினாலே ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மாணவி ஒருத்தி மேஜைக்கு அடியில் ஃபோனை எடுப்பாள். நான் ஃபோன் விஷயத்தில் கண்டிப்பு. வாங்கி மேஜையில் வைத்தேன். அவள் கை நடுங்கியது, மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் தாத்தா தனியாக இருக்கிறார், ஆறு என்னாச்சு என்று கேட்கத்தான் ஃபோன். அன்று பாடத்தை நிறுத்திவிட்டேன். ஃபோனைக் கொடுத்து வராண்டாவுக்குத் தோழியோடு அனுப்பி, பேசிவிட்டு வரச் சொன்னேன். மூச்சு வாங்குகிறவர்களிடம் "அழாதே", "பயப்படாதே" என்று சொல்வதில் பயனில்லை. உட்கார வைத்து, கூட்டத்தை விலக்கி, நிதானமாக மூச்சை வெளியே விடச் சொல்லி, நாமும் கூடவே விட வேண்டும். முதல் தடவை என்றாலோ, நெஞ்சு வலிக்கிறது என்றாலோ டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். பயம்தான் என்று நாமாக முடிவு செய்யக்கூடாது.

வலிப்பு வந்தாலும் இப்படித்தான், ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம். வாயிலும் ஒன்றும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஒரு தடவை ஹாஸ்டலில் ஒரு மாணவிக்குச் சாமி வந்துவிட்டது. மூன்று இரவு. தலையை விரித்துப் போட்டு ஆடுகிறாள், குரல் மாறுகிறது, மற்ற பெண்களெல்லாம் ஒரே அறையில் அடைந்து கிடக்கிறார்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி என்று ஊரிலிருந்து பெரியப்பா வந்து சொன்னார். எங்களில் ஒருவர், படித்தவர்தான், "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவரிடம் பாடம் எடுக்கத் தொடங்கினார். பெரியப்பா பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். இந்த நாட்டில் மாடனைப் பழித்துவிட்டு யாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியாது. வார்டன் அம்மா கெட்டிக்காரி. "அண்ணாச்சி, கோயிலுக்கும் போங்க, கயிறும் கட்டுங்க. புள்ளை மூணு நாளா தூங்கலை, சாப்பிடலை. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரில ஒரு வாட்டி காட்டிட்டுப் போயிருவோம்" என்றார். சரி என்றார் பெரியப்பா. சாமியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. தூக்கத்துக்குத்தான் வைத்தியம். பிறகு டாக்டரிடம் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கடைசியாக, எல்லா ஆசிரியரும் பயப்படுகிற விஷயம். போன வருடத்துக்கு முந்தின வருடம், மூன்றாமாண்டு மாணவன். நன்றாகப் படிப்பவன். வகுப்பில் இடைஞ்சல் என்று ஒன்றுமே இல்லை, அதனால்தான் கவனிக்கத் தவறியிருப்பேன். தாடி விட்டான். அசைன்மெண்ட் கொடுப்பதை நிறுத்தினான். தன் கால்குலேட்டரை ஜூனியர் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறுத்தியது. காமர்ஸ் பையன் பரீட்சைக்கு முன்னால் கால்குலேட்டரைக் கொடுக்க மாட்டான்.

வராண்டாவில் கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தேன். பிறகு நேரடியாகவே கேட்டேன். "செத்துப்போகலாம்னு தோணுதாப்பா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று பலருக்குப் பயம். கேட்பதால் அப்படி ஆவதில்லை என்பதில் மனநல மருத்துவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். கேட்கிற நமக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவன் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா சார்" என்றான்.

"யாருட்டயும் சொல்லாதிய சார்" என்றான் அடுத்து. இங்கேதான் சத்தியம் செய்துவிடக் கூடாது. "ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஒன்னக் காப்பாத்த யாருட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், ஒன்ன வச்சிக்கிட்டே சொல்லுவேன்" என்றேன். அதன்பின் அவனை ஒரு நிமிடம் கூடத் தனியாக விடவில்லை. பாத்ரூம் வாசல் வரை நண்பன் போனான். என் அடுத்த பீரியடை சக ஆசிரியர் எடுத்துக்கொண்டார். 14416க்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஃபோனில் பேசியதில் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது. அவன் சொன்ன அண்ணனை வரவழைத்து, மூன்று பேருமாக ஹைகிரவுண்டு மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அண்ணனுக்கு ஒரே கவலை. "கேஸாயிருமா சார்? நாளைக்கு கவர்மெண்ட் வேலைக்குப் போனா பாதிக்குமா?" அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாத குடும்பங்கள் உண்டு. இவன் முயற்சி செய்யவில்லை, சொன்னான், அவ்வளவுதான். சொன்னதற்குக் கேஸ் ஏது? முயற்சி செய்தவருக்கே 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் பேசுவது ரகசியமாக இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது வயலுக்கு அடிக்கிற மருந்து, எலி மருந்து, ஆச்சியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் இன்றைக்கே கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றேன்.

டாக்டர் அறைக்குள் நான் போகவில்லை. அதுவரைதான் என் வேலை. ஆலோசகர் வேடம் போடுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கும் மாணவன் ஃபோனை எடுத்து அறிவுரை சொல்வார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவருக்கே காய்ச்சல் வந்து படுத்தால் அந்தப் பையன் யாரிடம் போவான்? கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கும் தம்பிகளுக்கு இன்னும் சிக்கல். அவர்கள் வேலையே வருடா வருடம் ஊசலாடுகிறது. இப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே துறைத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அவன் சொன்ன வார்த்தை, நீங்கள் செய்தது என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். "மனநிலை சரியில்லாதவன்" என்றெல்லாம் எழுதாதீர்கள். நமக்குத் தெரியாததை எழுத வேண்டாம். அந்த நோட்டை ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் யாரோடும் பேசவில்லை. தூக்கமும் இல்லை. மறுநாள் அந்த மேடத்திடம் பெயர் சொல்லாமல் கொஞ்சம் கொட்டித் தீர்த்தேன். அவர்கள், "சாப்பிட்டியளா சார்?" என்றார்கள்.

இரண்டு வாரம் அவன் வரவில்லை. வரும் நாளில் வகுப்பில் என்ன சொல்வது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். 'வாப்பா, நல்லாருக்கியா' என்று கேட்கலாமா, கேட்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஒரே குழப்பம். ஒரு செவ்வாய்க்கிழமை, வருகை எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் எண் வந்தது. நிமிரவில்லை, கூப்பிட்டேன். "எஸ் சார்" என்று பதில் வந்தது. குறித்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.